எறும்பு தொடாத களிம்பு

பண்டகசாலை விதிகளில் பதினான்காவது இப்படிச் சொல்கிறது: “இன்னதென்று அறியப்படாத எப்பொருளும், அது இன்னதென்று எழுத்து மூலம் தெரியவரும்வரை, எவருக்கும் வழங்கப்படலாகாது.” வேலையில் இருந்த காலமெல்லாம் இந்த விதியை மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டியே சம்பளம் வாங்கினேன். ஓய்வு பெற்றுவிட்டதால் இனி உண்மையைச் சொல்லலாம். எங்கள் அலுவலகத்தில் அந்த விதியை முதலில் மீறியவன் நான்தான். காரணம், என் வருங்கால மாமியாரின் குதிகால்.

சிங்கப்பூரில் மின்சார டிராம் புதிதாக ஓடத் தொடங்கியிருந்த காலம் அது. நான் துறைமுகத்துப் பக்கம் ஓர் அரசாங்கப் பண்டகசாலையில் இளைய குமாஸ்தா. ஒருநாள் இயந்திரச் சாமான்கள் வந்த பெட்டி ஒன்றில், சாமான்களோடு பெரிய தகர டப்பாவும் வந்தது. கடல்நீர் பட்டு அதன் சீட்டு கரைந்து போயிருந்தது. திறந்தால் உள்ளே நெய் உறைந்தாற்போல மஞ்சளாக ஏதோ இருந்தது. வாசனை இல்லை. பட்டியலிலும் அதற்குப் பெயர் இல்லை. துரையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முகர்ந்து பார்த்தார், விரலைத் துடைத்துக்கொண்டார், எங்காவது கொண்டுபோ என்பதுபோல் கையை அசைத்தார். அசைத்த கைக்குக் கோப்பு எண் கிடையாது என்பது எனக்கு அன்றே தெரியும். தெரிந்தும் டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

வீடு என்றால், சிராங்கூன் ரோட்டில் ஒரு ராவுத்தரின் மளிகைக் கடைக்கு மேலே வாடகை அறை. நாலு வீடு தள்ளி என் அத்தை வீடு. தூரத்து உறவில் அத்தை. அவர் மகளைத்தான் எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். மாமா பினாங்கில் வேலையாக இருந்தார், கல்யாணத்துக்கு முதல்நாள்தான் வருவார். ஆகவே வீட்டில் எல்லா அதிகாரமும் அத்தையிடம். சுத்த சைவக் குடும்பம். அந்த வீட்டின் பின்கதவைத் திறந்தால் அறுப்புக்கு நிற்கும் மாடுகளின் கொட்டகைகள் தெரியும். ஆகவே அத்தை பின்கதவைத் திறப்பதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அங்கே சாப்பாடு. பரிமாற வரும்போது அத்தை ஒவ்வோர் அடிக்கும் ஒரு ‘ஸ்ஸ்’ வைப்பார். குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு. மருமகனாகப் போகிறவன் வெறுங்கையோடு சாப்பிட்டுக்கொண்டிருப்பது அழகில்லை என்று, அந்த மஞ்சள் களிம்பைப் பீங்கான் ஜாடி ஒன்றில் நிரப்பிக் கொடுத்தேன்.

“என்ன மாப்ளே இது?”

“வெடிப்புக்குத் தடவுறது அத்தே. கப்பல்ல வந்தது.”

கப்பலில் வந்தது என்றால் அந்தக் காலத்தில் அதற்குமேல் கேள்வி இல்லை.

அடுத்த ஞாயிறு ‘ஸ்ஸ்’ நின்றுவிட்டது. அதற்கடுத்த ஞாயிறு வாசல் கதவின் கிறீச்சும் நின்றுவிட்டது. அது நின்றதால் நான் வந்ததே யாருக்கும் தெரியவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்த என் வருங்கால மனைவி என்னைத் திடீரென்று எதிரே பார்த்துவிட்டு, கையில் இருந்த முறத்தோடு எழுந்து உள்ளே ஓடினாள். அவள் முகத்தை முழுசாகப் பார்த்தது அன்றுதான் முதல்முறை. களிம்புக்கு என் முதல் நன்றி அதற்காக.

பிறகு அந்த வீடு களிம்புப் பைத்தியம் பிடித்து ஆடியது. அரிவாள்மனையில் தடவினார்கள், துரு ஏறவில்லை. பலாப்பழம் அரிவதற்கு முன்னால் கையில் தடவினார்கள், பால் ஒட்டவில்லை. ஒரு வருடமாகத் திறக்க மறுத்த கூஜாவின் திருகு மூடி சுற்றிலும் கொஞ்சம் தடவியதும் கழன்று வந்தது. உள்ளே யாரோ போட்டு மறந்த மிளகு இருந்தது. குடைக் கம்பி, பூட்டு, மாமா விட்டுப்போன பினாங்கு பூட்ஸ், நெற்றியில் பறக்கும் பூனைமுடி, உதடு, முழங்கை, எதையும் விட்டுவைக்கவில்லை. பெண்களின் பெரிய கண்டுபிடிப்பு பொட்டு விஷயத்தில். நெற்றியில் ஒரு துளி களிம்பு, அதன்மேல் குங்குமம். இந்த ஊர்ப் புழுக்கத்தில் பத்து மணிக்கெல்லாம் மூக்குவரை இறங்கிவிடும் பொட்டு, சாயங்காலம்வரை வைத்த இடத்தில் நின்றது. பக்கத்து வீட்டுப் பெண்கள் கிண்ணத்தோடு வர ஆரம்பித்தார்கள். அத்தை சுண்டுவிரல் நுனியால் அளந்து கொடுத்தார். அப்படி ஒரு பண்டகக் காப்பாளரை நான் வேலையில் இருந்தவரை பார்த்ததில்லை.

வீட்டில் அதிகப் பயனடைந்தவர் அத்தையின் தம்பி, அதாவது பெண்ணின் தாய்மாமன். அவர் மீசை கனமானது. புழுக்கத்தில் தொங்கிப்போய் எப்போதும் துக்கம் விசாரிக்கப் போகிறவர்போல இருப்பார். களிம்பு வந்தபின் இரண்டு முனையும் மேலே நிமிர்ந்தன. நடையே மாறிவிட்டது. தேக்கா பாசாரில் கத்தரிக்காய் வாங்குவதைக்கூடப் படையெடுப்புபோலச் செய்தார்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. ஒருநாள் காலை ராவுத்தர் தம் கடைப் பூட்டோடு போராடிக்கொண்டிருந்தார். நான் என் டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினேன். தாய்மாமனும் வெற்றிலை வாங்க வந்து நின்றிருந்தார், மீசை நிமிர்ந்த கோலத்தில்.

ராவுத்தர் விரலை டப்பாவுக்குள் விடாமல் என்னைப் பார்த்தார். “தம்பி, தப்பா நெனைக்காதீங்க. இது என்னா கொழுப்பு? பன்னிக் கொழுப்பு எதுவும் இல்லையே?”

நியாயமான கேள்வி. ஒரு மாதமாக யாரும் கேட்காத கேள்வி. பண்டகசாலைக் குமாஸ்தா முதல்நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

“கொழுப்பா?” என்றார் தாய்மாமன். கை தானாக மீசைக்குப் போனது. போன கை அதைத் தொட மனமில்லாமல் அந்தரத்தில் நின்றது. “மாப்ளே, வாய்க்கு மேலேயே வெச்சுக்கிட்டு ஒரு மாசமாச் சோறு திங்கிறேனே!”

“மண்ணெண்ணெய் எடுக்கிற இடத்திலிருந்து எடுக்கிறதுன்னு எங்க ஆபீஸ் பட்டறையில ஒரு ஃபிட்டர் சொன்னார் மாமா.”

“மண்ணெண்ணெய்னா நாத்தம் எங்கே?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அக்கா வீட்டை நோக்கி ஓடினார். வெற்றிலையை ராவுத்தர் என் கையில் கொடுத்தார்.

நான் போய்ச் சேர்வதற்குள் அங்கே பிரளயம். அரிவாள்மனை, கூஜா, குடை எல்லாம் கிணற்றடியில் கிடந்தன. கதவைக் கழற்ற முடியாததால் அதன் கீலுக்கு மட்டும் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தாய்மாமன் ஒரு மூலையில் சீயக்காயால் மீசையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

அத்தை என்னை உட்காரச் சொல்லவில்லை. “மாப்ளே, இது என்ன கொழுப்புன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“கொழுப்பே இல்லே அத்தே.”

“எழுத்துல இருக்கா?”

என் தொழிலின் கேள்வியை என்னிடமே கேட்டுவிட்டார்.

“கவர்மெண்டு கையெழுத்துப் போட்டுக் கடுதாசி வரட்டும். இதுல ஜீவன் சம்பந்தப்பட்டது ஒண்ணும் இல்லேன்னு எழுதியிருக்கணும். அது வர்ற வரைக்கும் கல்யாணம் இல்லே.”

வேறு மாப்பிள்ளையாக இருந்தால் ஒரு கடிதம்தானே என்று தேறியிருப்பான். எனக்குத்தான் ஒரு கடிதத்தின் பயணம் முழுக்கத் தெரியும். என் மேசையிலிருந்து தலைமைக் குமாஸ்தா. அவர் மூன்று நாள் வைத்திருப்பார், வைத்திருக்கவில்லை என்றால் தமக்கு வேலை இல்லை என்று யாராவது நினைத்துவிடுவார்கள் என்று. பிறகு பண்டகக் காப்பாளர். பிறகு கப்பல். பிறகு லண்டனில் எங்களைப் போலவே ஒருவன், அவனுக்கு மேலே அவனுடைய தலைமைக் குமாஸ்தா. திரும்பி வரும்போது அதே படிகள், இறங்குமுகமாக. மூன்று வாரத்தில் அந்தக் கடிதம் துறைமுகத்தைத் தாண்டியிருந்தாலே அதிசயம். இருந்தாலும் எழுதினேன். “மேற்படிப் பொருள் பிராணி சம்பந்தமுடையதா என்பதைத் தெரிவிக்கும்படி வணக்கத்துடன் வேண்டுகிறேன்.” என் வாழ்நாளிலேயே மிகவும் உருக்கமான காதல் கடிதம் அதுதான்.

ராவுத்தருக்கு மனசு கேட்கவில்லை. தம் கேள்வியால் ஒரு கல்யாணம் நிற்கிறதே என்று வருத்தப்பட்டார். “தம்பி, துரைமாரைக் கேட்டா நாளாகும். எறும்பைக் கேட்போம். நெய்யோ கொழுப்போ, எதுவா இருந்தாலும் இந்த ஊரு எறும்பு விடாது. இதை எறும்பு தொட்டா கொழுப்பு. தொடலேன்னா வேற என்னமோ.”

கடைக்கு முன்னால் ஐந்தடி நடைபாதையில் மூன்று வாழையிலைத் துண்டு வைத்தோம். ஒன்றில் நெய், அத்தை வீட்டிலிருந்து. இன்னொன்றில் ஆட்டுக் கொழுப்பு, ராவுத்தர் சமையலறையிலிருந்து. நடுவில் களிம்பு. அத்தை முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, ஆட்டுக் கொழுப்பின் பக்கம் பார்க்காமல், தம் நெய்யை மட்டும் பார்த்தபடி நின்றார். பின்னால் அவர் மகள். தாய்மாமன் தொங்கிய மீசையோடு வந்தார். வேடிக்கை பார்க்கத் தயிர்க்காரர் ஒருவரும், இரண்டு ரிக்‌ஷாக்காரர்களும், அவர்கள் வண்டியிலிருந்து இறங்காத ஒரு சீன முதலாளியும் சேர்ந்துகொண்டார்கள். அந்தத் தவ்க்கே நெய் ஜெயிக்கும் என்று நினைத்தார்போல. அந்தப் பக்கம் கை நீட்டி உற்சாகப்படுத்தினார்.

எறும்புகள் வந்தன. சுவரோரமாக ஒரே வரிசை. நெய்க்கு ஒரு கிளை பிரிந்தது. ஆட்டுக் கொழுப்புக்கு ஒரு கிளை பிரிந்தது. நடு இலைக்கு ஒரே ஓர் எறும்பு போனது. அது களிம்பின் ஓரத்தில் நின்று, மீசையை ஆட்டி, யோசித்து, வந்த வழியே திரும்பியது.

“பார்த்தீங்களா! கொழுப்பு இல்லே!” என்று ராவுத்தர் குதித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அத்தை முந்தானையை எடுத்தார். “எறும்பே தொடாததை மனுஷன் தொடலாமா?”

இந்த வாதத்துக்கு எந்த விதிப் புத்தகத்திலும் பதில் இல்லை. தாய்மாமன் ஆவலோடு மீசையின் ஒரு முனையை மேலே தள்ளப் பார்த்தவர், அக்கா முகத்தைப் பார்த்து மறுபடி விட்டுவிட்டார்.

அப்போதுதான் என் வருங்கால மனைவியின் குரலை முதல்முறையாகச் சரியாகக் கேட்டேன்.

“ஏம்மா, கதவுல தடவியாச்சு. கூஜாவுல தடவியாச்சு. பலாப்பழம் அரிஞ்ச கையாலதான் சாமிக்கு நைவேத்தியமும் வெச்சே. தெருவுல பாதிப் பேருக்குக் கிண்ணத்துல குடுத்தே. இது கொழுப்புன்னா வீட்டையே இடிச்சுக் கட்டணும், தெரு முழுக்கப் போய் மன்னிப்புக் கேக்கணும். கொழுப்பு இல்லேன்னா ஒண்ணுமே செய்ய வேணாம். உனக்கு எது சுலபம்னு பாரு.”

அத்தை எறும்பைப் பார்த்தார். தெருவின் நீளத்தையும் பார்த்தார்.

“சரி. கல்யாணம் நடக்கட்டும். ஆனா அந்த ஜாடி கடுதாசி வர்ற வரைக்கும் ராவுத்தர் கடையிலேதான் இருக்கும். மணையில ஒரு தடங்கல், ஒரே ஒரு தடங்கல் வந்துச்சுன்னா, அது இந்தக் களிம்பால வந்த தோஷம். கடுதாசி வராம பொண்ணை உங்ககூட அனுப்ப மாட்டேன்.”

ஜாடி ராவுத்தரின் பொறுப்பில் போனது. அவர் கடைப்பூட்டு அன்றிலிருந்து வெண்ணெய்போலத் திறந்தது.

கல்யாணத்தன்று காற்றே இல்லை. பந்தலுக்குள் எல்லோரும் வெந்துகொண்டிருந்தோம். தாலி கட்டும்வரை தடங்கல் இல்லை. பிறகு அம்மி. அவள் காலைத் தூக்கி அம்மிமேல் வைத்து, விரலில் மெட்டியை மாட்டப் போனேன். நுனியைத் தாண்டவில்லை. அதிகாலையிலிருந்து நின்று நின்று அவள் கால் வீங்கியிருந்தது. அழுத்தினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, “மெதுவா” என்று முணுமுணுத்தாள். வியர்வையில் மெட்டி என் கையிலிருந்தே நழுவியது. மேளக்காரர் வாசிப்பதை நிறுத்தி எட்டிப் பார்த்தார். தாய்மாமன் பெரிய குரலில், “என்ன மாப்ளே, மலை ஏறுறீங்களா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தடங்கல் என்ற சொல் மட்டும் என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கடுதாசி வரும்வரை இந்த வீட்டிலேயே இருக்கப் போகிறாள். லண்டனில் எவனோ ஒருவன் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அத்தை பக்கத்தில் வந்து குனிந்தார். இடுப்பிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துத் திறந்தார். உள்ளே குங்குமம் பாதிதான். மறுபாதியில் மஞ்சளாக ஒன்று இருந்தது. சுண்டுவிரல் நுனியால் அளந்து, மகளின் கால்விரலில் தடவினார். மெட்டி வழுக்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தது.

“என்னக்கா அது?” என்றார் தாய்மாமன்.

“நெய்,” என்றார் அத்தை.

நெய்யென்றால் வாசனை வரும். எதுவும் வரவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். பந்தலில் இருந்த பெண்கள் அத்தனை பேரின் பொட்டும் புழுக்கத்தில் கரைந்து மூக்குக்கு இறங்கியிருந்தது. அத்தையின் பொட்டு மட்டும் அசையாமல், வட்டமாக, வைத்த இடத்தில் இருந்தது.

“நெய்தான் மாமா,” என்றேன் நானும்.

மேளம் மறுபடி கிளம்பியது. அவளை அன்றே என்னோடு அனுப்பினார்கள்.

கடுதாசியும் வராமல் போகவில்லை. எங்கள் மூத்த மகள் தவழ ஆரம்பித்திருந்தாள். அத்தை மடியில் அவளைப் போட்டு, புழுக்கத்தால் சிவந்த கழுத்து மடிப்பில் களிம்பு தடவிக்கொண்டிருக்கும்போது, நான் அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மேற்படிப் பொருள் பூமியிலிருந்து எடுக்கப்படும் எண்ணெயின் வகையைச் சேர்ந்தது, அதில் பிராணி சம்பந்தம் எதுவும் இல்லை. ஆயினும், இந்தப் பதில் கிடைக்கும்வரை அதை எவருக்கும் வழங்க வேண்டாம்.

“அதைத்தானே நானும் சொன்னேன்,” என்றார் அத்தை, குழந்தையைப் புரட்டிப் போட்டு மறுபக்கம் தடவியபடி. பிறகு கடிதத்தின் மூலையில் இருந்த ஊதா முத்திரையைக் காட்டினார். “இது என்ன மாப்ளே?”

“வந்த தேதி அத்தே. மார்ச் ஒன்பது, திங்கட்கிழமை. அன்னிலேர்ந்துதான் நாம இதைத் தடவுறோம்.”