சத்தம் கேட்டால் ஓடும் ஊரில் நடன இசை

விருப்பப் பாடம் நடத்துகிறவன் நிலைமையும் கல்யாண வீட்டில் மைக் செட் போடுகிறவன் நிலைமையும் ஒன்றுதான். ஆளாளுக்கு ஒரு பாட்டுக் கேட்பார்கள்.

பல்கலைக்கழகம் ‘மின்னணு நடன இசை’ என்று ஒரு பாடத்தை அறிவித்தது. சிவகாசிப் பக்கம் உள்ள எங்கள் கல்லூரியில் கீபோர்டு வாசிக்கத் தெரிந்த ஒரே கௌரவ விரிவுரையாளர் நான். என் தலையில் கட்டிவிட்டார்கள். என்னைப் போல் எங்கேயோ மாட்டிக்கொண்டு முழிக்கும் சகாக்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

எதிர்பார்ப்புத் தாள்

முதல் வகுப்பில், இந்தப் பாடத்திடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று எழுதித் தரச் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பதினான்கு பேரில் ஐந்து பேர், கோயில் கொடை விழாவுக்கு சவுண்டு செட் போட சர்டிபிகேட் கேட்டிருந்தார்கள். மூன்று பேர், இதில் எல்லாரையும் பாஸ் போட்டுவிடுவார்கள் என்று கேள்விப்பட்டு வந்ததாக மனம் திறந்திருந்தார்கள். ஒருவன் ‘ஏ.சி. ரூம்’ என்று மட்டும் எழுதியிருந்தான்.

விஸ்வநத்தத்தில் இருந்து வரும் கனகாவின் தாளில் ஒரே வரி. அவள் போடும் இசையை அவள் அம்மா கடைசி வரை உட்கார்ந்து கேட்க வேண்டுமாம். விசாரித்தேன். அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. முன்னொரு சமயம் பக்கத்து ஷெட் வெடித்தபோது ஓடித் தப்பியவர். அதிலிருந்து அடுத்த வீட்டில் அண்டா விழுந்தாலும் தெருவுக்கு வந்துவிடுவாராம். எனக்குச் சங்கடமாக இருந்தது. இதெல்லாம் பாடத்திட்டத்தில் இல்லையேம்மா என்றேன். அவள் சொன்னாள்: “இல்லன்னா சேத்துக்கோங்க சார்.”

சாய்ஸ்

செய்முறைத் தேர்வில் ஒவ்வொருவரும் தாங்களே செய்த இசையைப் பத்து நிமிடம் அரங்கில் ஒலிக்கவிட வேண்டும். கேட்பவர்கள் எழுந்து ஆட வேண்டும் என்பது விதி. எங்கள் கல்லூரியிலோ பையன்களும் பெண்களும் ஒரே மாடிப்படியில் ஏறக்கூடத் தடை. துறைத்தலைவரிடம் போய் நின்றேன். பாடத்திட்டத்தைக் கடைசிப் பக்கத்தில் இருந்து முன்பக்கம் வரை புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தீர்ப்பு வந்தது: “இசையை நடத்துங்க சார். நடனத்தை சாய்ஸ்ல விட்டுருவோம்.”

ஜன்னல் கம்பி

எங்கள் ஆய்வகத்தில் இருப்பது ஒரே ஒரு கீபோர்டு. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று கணக்குப் போட்டு வைத்தால், கனகா தன் முறை வந்ததும் நேரே ஜன்னலுக்குப் போய் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டுதலா என்று கேட்டேன்.

தீபாவளி சீசனில் அவளும் அம்மாவோடு வேலைக்குப் போவாளாம். வெடிமருந்து அறைக்குள் நுழையும் முன் உடம்பில் உள்ள கரண்ட் இறங்க வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டாக வேண்டும். இது கீபோர்டு, வெடிக்காது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். “தெரியும் சார். ஆனா தொட்டுட்டு வந்தாத்தான் கை நடுங்காம இருக்கு.”

ஓடிய வகுப்பு

இந்த இசையின் உயிரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. தாளம் ஏறிக்கொண்டே போகும், சட்டென்று அடங்கும், அடுத்த நொடி மொத்தமாக இடி மாதிரி இறங்கும். ஒருநாள் புது ஸ்பீக்கரில் அதைப் போட்டுக் காட்டினேன். இடி இறங்கியது. வகுப்பில் ஒரு ஆள் இல்லை. பதினான்கு ஜோடிச் செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது. வேப்பமரத்தடியில் நின்று ஆள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே நாற்பது மார்க்குக்குப் பாடம் நடக்கிறது, இதுகள் ஓடிப் பிடித்து விளையாடுகின்றன என்று கதவருகில் நின்று கத்தினேன். பாண்டி என்கிற பையன் என்னை விடப் பலமாகக் கத்தினான்: “நீங்க ஏன் சார் இன்னும் உள்ள இருக்கீக? மொதல்ல வெளிய வாங்க!”

செய்முறைத் தேர்வு

தேர்வுக்கு முதல் நாள் கனகா வந்தாள். அந்த இடி வருமுன் மைக்கில் சொல்லிவிடலாமா என்று கேட்டாள். உலகத்தில் எவனும் சொல்லிவிட்டுப் போடுவதில்லை, எதிர்பாராமல் வருவதுதான் அதன் அழகு, சொன்னால் மார்க் போய்விடும் என்று அரைமணி நேரம் தொண்டை வறளப் பேசினேன். சரி சார் என்று போனாள்.

மறுநாள் அவள் அம்மா லீவு போட்டுவிட்டு வந்து, கதவோரம் கடைசி நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஏழாவது நிமிடம் தாளம் ஏறி அடங்கியது. கனகா மைக்கை எடுத்தாள். “அம்மா, இப்ப ஒரு சத்தம் வரும். நான்தான் போடப் போறேன். மூணு, ரெண்டு, ஒண்ணு.”

இறங்கியது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. பையன்கள் பாதி எழுந்து ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அம்மா எழுந்து கதவைப் பிடித்துவிட்டார். அவர் வெளியே பார்த்தார், திரும்பி மகளைப் பார்த்தார். பிறகு கதவை விட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கடைசி வரை எழுந்திருக்கவில்லை.

வெளியூர்த் தேர்வாளர், நடுவில் பேசியதற்கு ஐந்து மார்க் குறைத்தார். நான் அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா எங்களைத் தாண்டி மகளிடம் போனார். “இம்புட்டுச் சத்தத்துல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையேத்தா. இன்னொருக்கா போடு.”

மொத்தத்தில், ஒரு பருவம் முழுக்க நான் தொண்டை கிழியக் கத்தி நடத்திய பாடத்தில், என் பேச்சைக் கேட்காதவள் ஒருத்திதான் உருப்படியாகத் தேறினாள்.