ஒன்பதாம் வாரத்து பெல்ட்

அறுபதுகளின் கடைசியில் ஜெர்மனியின் எசன் நகரத்து இன்ஜினியர் பள்ளி ஒன்றில் படித்துக்கொண்டிருந்தேன். நம்மூர் டிப்ளமாவுக்குக் கொஞ்சம் மேலே, பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சம் கீழே என்று ஒரு படிப்பு. நல்ல மார்க் வாங்கினால் அங்கிருந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம் என்று விதி இருந்தது. விதி இருந்ததே தவிர இடம் இருக்கவில்லை. மெக்கானிக்கல் பிரிவில் வெளிநாட்டுக்காரர்களுக்கான இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எனக்கு மார்க் இருந்தது, நேர்காணலையும் தாண்டிவிட்டேன். பாக்கி இருந்தது ஒரே ஒரு நோட்டு.

பல்கலைக்கழகத்தில் சேருகிறவன் இருபத்தாறு வாரம் தொழிற்சாலையில் கையால் வேலை செய்திருக்க வேண்டும். அந்தந்த வாரம் என்ன செய்தான் என்று படம் போட்டு எழுதி, ஃபோர்மேனிடம் கையெழுத்து வாங்கி, பல்கலைக்கழகத்தின் பயிற்சி அதிகாரியிடம் நோட்டைக் கொடுக்க வேண்டும். அவர் முத்திரை குத்தினால் சீட். இல்லாவிட்டால் அடுத்த வருடம், அதுவும் விசாவை நீட்டித்துக் கொடுத்தால். நானோ அவசரக் குடுக்கை. சீட் கிடைத்த மாதிரிதான் என்று அப்பாவுக்கு எழுதிவேறு தொலைத்திருந்தேன்.

வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். அரம் பிடித்துப் பிடித்து உள்ளங்கை தோல் உரிந்தது. எழுதுவதுதான் ஆகவில்லை. இருபது வார வேலை முடிந்தபோதும் நோட்டு வெள்ளையாகவே இருந்தது. எனக்கு அந்தத் தொழிற்சாலையில் இடம் பிடித்துக் கொடுத்தவர் திருநெல்வேலிக்காரர், எனக்கு மூன்று வருடம் சீனியர், அதே பட்டறையில் அதே பயிற்சியை முடித்து அதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். நானும் அந்தப் பக்கத்துக்காரன் என்பதால் அவர் எனக்கு அண்ணன். போய் நின்றதும் பெட்டியிலிருந்து தன் பழைய நோட்டை எடுத்து நீட்டினார்.

"ரெக்கார்டு நோட்டுதானல. பாத்து எழுதிட்டுப் போ."

எனக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. ஊரில் பாலிடெக்னிக்கில் மூன்று வருடமும் சீனியரின் ரெக்கார்டைப் பார்த்துத்தான் எழுதினோம். சீனியர் அவருடைய சீனியரைப் பார்த்து எழுதியிருப்பார். வாத்தியாருக்கும் தெரியும். கையெழுத்து அழகாக இருந்து, பென்சில் கோடு நேராக இருந்தால் பத்துக்கு ஒன்பது. அண்ணனின் கையெழுத்தோ அச்சுக் கோத்த மாதிரி இருந்தது. நான் மையைக்கூட மாற்றவில்லை. ஃபோர்மேன் பேனா பிடிப்பதை வெறுத்த மனிதர். கடைசி வாரம் மொத்தமாகக் கொண்டுபோய் வைத்ததும், அழகாக இருக்கிறதே என்று புரட்டிவிட்டு எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

சேர்க்கை முடிய பத்து நாள் இருக்கும்போது அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். முத்திரை குத்தக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, இஸ்திரி போட்ட சட்டையும் டையுமாகப் போனேன். கண்ணாடி போட்ட, மெலிந்த மனிதர். நோட்டை ஒன்பதாம் வாரத்தில் திறந்து வைத்திருந்தார். இரும்பைச் செதுக்கும் ஷேப்பிங் மெஷின் ஒன்று, கூரையில் ஓடும் தண்டிலிருந்து தோல் பெல்ட் இறங்கி அதைச் சுழற்றுகிறது. நான் மிகவும் ரசித்துப் போட்ட படம்.

"இந்த பெல்ட்டை நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

படத்தை இன்னொரு தடவை பார்த்தேன். எங்கள் பட்டறையில் எல்லா மெஷினுக்கும் தனித்தனி மோட்டார். அண்ணன் போட்ட பெல்ட்டைப் பார்த்து நான் போட்டேனே தவிர, பெல்ட்டைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. அந்தத் தொழிற்சாலைக்கு வருடா வருடம் போகிறேன், அங்கே எந்தக் காலத்திலும் பெல்ட் ஓடியதில்லை என்றார். பிறகு நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார்.

"மூன்று வருடத்துக்கு முன் இன்னொருவர் இதே பெல்ட்டைக் கொண்டுவந்தார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். நடந்ததை எழுதிக் கொண்டுவாருங்கள்."

ரயிலில் திரும்பி வந்தேன். நேராக அண்ணனின் அறைக்குப் போனேன். அவர் கொடுத்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் முத்திரையே இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். பார்த்து எழுதுகிறவன் அதையெல்லாம் எங்கே பார்க்கிறான்? கேட்டால், வேறு தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவருடையதைப் பார்த்து அவர் எழுதியிருக்கிறார். அது திரும்பி வந்துவிட்டது. முத்திரை விழுந்தது அதற்கப்புறம் அவரே எழுதிய இன்னொரு நோட்டில்.

"அப்ப எனக்கு ஏன் இதக் குடுத்திய?" என்று கத்திவிட்டேன். என் வாழ்க்கையையே கெடுத்துவிட்டீர்கள் என்றும் சொன்னேன், பாவி மனுஷனை. அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு, "இதுலதாம்ல கையெழுத்து நல்லாருக்கும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

எட்டு நாள் எழுதினேன். சோறு இறங்கவில்லை. எழுத எழுதத்தான் பயம் கூடியது, ஏனென்றால் நடந்ததெல்லாம் சொதப்பல். முதல் வாரம் அரம் பிடிக்கத் தெரியாமல் பிடித்தேன். இரண்டாவது வாரம் முழுக்கத் தட்டையாக ராவச் சொன்னால் மேடாக ராவினேன். நான்காவது வாரம் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து அளவுக்கு ராவச் சொன்னார்கள். பளபளவென்று கொண்டுவருகிற ஆசையில் ராவிக்கொண்டே போய், அளவைவிட மில்லிமீட்டரில் பத்தில் மூன்று பங்கு குறைத்துவிட்டேன். துண்டு குப்பைக்குப் போயிற்று. இதை எழுதிக் கொடுத்தால் இவனுக்கா இன்ஜினியர் சீட் என்று கேட்கமாட்டார்களா? இரண்டு தடவை அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். மூன்றாம் தடவை கிழிக்க நேரமில்லை.

ஒன்பதாம் நாள் காலை ஃபோர்மேனிடம் போய், முதல் நோட்டு என்னுடையது அல்ல என்று சொன்னேன். அவர் என்னை நிற்கவைத்தே ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். நான்காவது வாரத்துக்கு வந்ததும் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, மூன்றை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினார். அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டார். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. இத்தனைக்கும் அவர் திருத்தியதுதான் சரி.

மறுநாள் கடைசி நாள். அதிகாரி நான்காவது வாரத்தில் நின்றார். பென்சில் திருத்தத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இதை யார் மாற்றியது என்று கேட்டார். ஃபோர்மேன் என்றேன். உங்களுக்கு நல்ல ஃபோர்மேன் கிடைத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு, மீதிப் பக்கங்களைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் முத்திரையைக் குத்தினார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, டையும் கையுமாக ஒரு மூச்சு அழுதேன்.

சாயங்காலம் அண்ணன் அறைக்குத்தான் போனேன், வேறு யாரிடம் சொல்வது? அவர் முத்திரையைப் பார்க்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்துக்கொண்டே வந்தார். நான்காவது வாரத்தில், பென்சிலில் எழுதிய ஐந்தின்மேல் விரலை வைத்தார். பிறகு எழுந்து, பெட்டியின் அடியிலிருந்து நான் பார்த்தேயிராத அந்த இன்னொரு நோட்டை எடுத்து, என் கையில் கொடுக்காமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"எனக்குப் பத்துல எட்டு கொறஞ்சிட்டுல," என்றார்.