மிஸ்டர் அன்ரனுக்குச் சுகமில்லையா?

போன திங்கட்கிழமை எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘மிஸ்டர் அன்ரன், உங்களுக்குச் சுகமில்லையா?’

எனக்கென்ன... குத்துக்கல்லாக இருக்கிறேன். அன்று காலையும் இரண்டு தரம் புட்டுப் போட்டுச் சாப்பிட்டவன்.

எழுதியவர் கொழும்பு மிஸ் தில்ருக்ஷி. ஹோட்டல்களுக்குக் கடலுணவு கொடுக்கும் நிறுவனத்தில் பெரிய ஆள். மன்னாரில், கீரிக் கடற்கரையில் எங்கள் சின்னக் கொம்பனி வாங்கும் நண்டில் முக்கால்வாசி அவருக்குத்தான் போகிறது. அவர் வேண்டாம் என்றால் நண்டை நாங்களே உடைத்துத் தின்ன வேண்டியதுதான்.

கதை முகவரியில் தொடங்கியது. எங்கள் பழைய மெயில் முகவரி மச்சான் யூட் உண்டாக்கியது. கொம்பனியின் பெயர், ஒரு கோடு, அதன் பின்னால் அவன் பிறந்த ஆண்டு. இலவசம். ‘கொம்பனிக்கென்று சொந்த முகவரி வைத்திருப்பவர்களோடு மட்டுமே இனி வருட ஒப்பந்தம்’ என்று மிஸ் அறிவித்துவிட்டார். மாதக் கடைசிக்குள் மாற வேண்டும்.

மன்னார் டவுனிலிருந்து நிலானி வந்தாள். கம்பியூட்டர் வேலை தெரிந்த பிள்ளை. எனக்கோ ஒரே ஆசை... மெயிலுக்கென்று சொந்தமாக ஒரு சேர்வர் பெட்டி! கொம்பனிக் கந்தோர் மூலையில் பச்சை லைற் மின்னிக்கொண்டிருந்தால் வருகிற போகிற ஆட்களுக்குக் காட்டலாமே?

நிலானி ஜன்னல் கொழுக்கியைத் தொட்டாள். துரு கையோடு வந்தது.

“அங்கிள், போன வருசம் போட்ட கொழுக்கியே இந்த உப்புக் காத்துக்குத் தாங்கேல்லை. சேர்வர் எப்பிடித் தாங்கும்? கறண்டும் நிண்டு நிண்டுதானே வருது.”

யூட்டுக்கு வேறு யோசனை. இணையத்தளம் ஒன்று எடுத்தால் அதோடு சும்மா கிடைக்கும் மெயில் பெட்டியே போதுமாம். “மெயில் போனாச் சரிதானே?”

“போகும். ஆனா அங்கால குப்பைப் பெட்டிக்குள்ள போய் விழுந்தா ஆர் தேடுறது?” என்றாள் நிலானி.

கடைசியில் மாதக் கட்டணத்துக்கு ஒரு சேவை என்று முடிவானது. மெயில், எல்லோரும் பார்க்கும் நாட்காட்டி, எல்லோரும் திறக்கும் கோப்புகள் — வாடகை வீடு மாதிரி. கூரை ஒழுகினால் வீட்டுக்காரன் பாடு. ஆனால் கட்டணம் ஆளுக்கு இவ்வளவு என்று.

“எத்தினை பேர் அங்கிள்?”

“ரெண்டு. நானும் மச்சானும்.”

“அன்ரிக்கு?”

“அவவுக்கு எதுக்குப் பிள்ளை? அவ வீட்டு ஆள்தானே.”

அந்த நேரம் அந்த அன்ரி, அதாவது என் மனைவி மெற்றில்டா, எங்கே இருந்தாள் தெரியுமா? லப்டொப்புக்கு முன்னால்! பழைய பெட்டியின் பாஸ்வேர்டை நிலானிக்காக அடித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. ஒன்பது வருஷமாக அந்தப் பெட்டியைத் திறந்தவள் அவள். பதில் எழுதியவளும் அவள் — கீழே ‘அன்ரன்’ என்று என் பெயரைப் போட்டு.

பாஸ்வேர்டை அடித்து முடித்தாள். கதிரையைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு எழும்பிப் போனாள். கலியாணம் கட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சத்தம் வந்தால் பயமில்லை...

அடுத்த இரண்டு கிழமை நானே பதில் எழுதினேன். பெரிய வேலையா என்ன? ‘நண்டு நாளை வரும். ஓகே.’ அவ்வளவுதான். புது நாட்காட்டியில் எனக்கு நீலம், யூட்டுக்குப் பச்சை என்று நிறம் தெரிந்தெடுத்தேன். யூட் தன் மகளின் பிறந்தநாளைப் போட்டான். அதற்குமேல் போட எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பதினெட்டாம் திகதி ஒரு ஹோட்டலில் கலியாண விருந்து, கூடுதல் நண்டு வேண்டும் என்று மிஸ் எழுதினார். ‘ஓகே’ என்றேன்.

எங்கள் கோயில் பெருநாளும் பதினெட்டாம் திகதிதான். அதற்கு முதல்நாள் பின்னேரம் வேஸ்பர் ஆராதனைக்கு ஊரே கூடும். அன்று இரவு ஒரு படகும் வலை விடப் போகாது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். பெருநாளுக்கு முந்திய ஒன்பது நாள் நவநாள் செபத்துக்கும் ஒவ்வொரு நாளும் போனவன் நான். ஆனால் கோயில் பெருநாள் ஒரு பக்கம், மெயிலில் வந்த திகதி இன்னொரு பக்கம்... இரண்டும் ஒரே நாள் என்று மண்டையில் ஏறவில்லை. பெருநாளன்று மிஸ்ஸுக்கு ஒரு நண்டுக்கால்கூடப் போகவில்லை.

அதன் பிறகுதான் அந்தத் திங்கட்கிழமைக் கடிதம். சுகம் கேட்டுவிட்டு மிஸ் தொடர்ந்திருந்தார்: ‘இரண்டு கிழமையாக உங்கள் கடிதங்கள் வேறு யாரோ எழுதியவை போல இருக்கின்றன. பெருநாள் வருவதை ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லுவீர்கள். அம்மாவின் கண் ஒப்பரேஷன் பற்றி விசாரிப்பீர்கள். ஒப்பந்தம் பற்றி நான் யோசிக்க வேண்டும்.’

மிஸ்ஸின் அம்மாவுக்குக் கண்ணில் ஒப்பரேஷன் நடந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும்.

நாட்காட்டி, முகவரிப் புத்தகம், யாரிடம் எதை எப்படிச் சொல்வது என்ற விவரம் — எல்லாம் மெற்றில்டாவின் தலைக்குள் இருந்திருக்கிறது. அந்தத் தலையை விட்டுவிட்டு நான் ஆள் எண்ணியிருக்கிறேன்.

அவள் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மெல்லப் போய் நின்றேன்.

“இஞ்ச பாரும்... மிஸ்ஸுக்கு ஒரு பதில் எழுதித் தாறீரோ?”

“பெட்டி உங்கட பேரிலதானே. நீங்களே எழுதுங்கோ.”

“நான் ஒண்டும் நினைச்சுச் சொல்லேல்லை, மெற்றில்டா.”

“ஓம். நினைக்கேல்லை. அதைத்தான் நானும் சொல்லுறன்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒன்பது வருஷமாக மிஸ் மதித்த அந்த நல்ல மனுஷன் நான் இல்லையே! “பிழைதான்” என்றேன். அவள் அடுத்த சட்டையை உதறினாள். அங்கேயே நின்று நிலானிக்குப் போன் எடுத்தேன் — இன்னும் ஒரு ஆள், பெயர் மெற்றில்டா.

அன்று பின்னேரம் அவள் தன் சொந்தப் பெயரில், இவ்வளவு காலமும் எழுதியது யார் என்பதையும் சொல்லி மிஸ்ஸுக்கு நீளமாக எழுதினாள். எட்டிப் பார்த்தேன். லப்டொப்பை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

வியாழக்கிழமை யூட் போனோடு ஓடி வந்தான். “அத்தான், ஒப்பந்தம் சரியாம்.”

‘டியர் மெற்றில்டா’ என்று தொடங்கியது மிஸ்ஸின் பதில். இனி எல்லா ஓடரும் மெற்றில்டாவுக்கே எழுதுவாராம். அம்மாவால் இப்போது ஊசியில் நூல்கூடக் கோக்க முடிகிறதாம்.

மெற்றில்டா தன் கடிதத்தில் யூட்டுக்குப் பிரதி போட்டிருந்ததால் பதிலும் அவனுக்கு வந்திருக்கிறது. எனக்குப் போடவில்லை.

ஏன் என்று கேட்கலாம்தான்... ஆனால் ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு. கலியாணம் அப்படியில்லையே!