சித்தப்பாவின் கறுப்பு ஷூ

வேதகிரி சித்தப்பா ஐம்பத்தாறு வயது வரை ஷூ போட்டதில்லை. உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் பயிர் வைப்பவருக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. சேற்றில் நடந்தே அகன்ற கால். ஐந்து விரலும் ஐந்து பக்கம் பார்க்கும்.

அவர் மகள் இளமதி ராணுவ அதிகாரிப் பயிற்சிக்குச் சென்னை போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. பெற்றோருக்கென்று பயிற்சி மையத்தில் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. வருவதெல்லாம் ஆங்கிலம். சித்தப்பா போனை என்னிடம் நீட்டுவார். ஓட்டத்தில் எந்தப் பிரிவு முதலில் வந்தது, பார்சலில் ஊறுகாய் அனுப்பக்கூடாது என்று எல்லாவற்றையும் தமிழில் சொல்வேன். அணிவகுப்பு மைதானத்தைப் பிள்ளைகள் நடந்து கடக்கமாட்டார்கள், ஓடித்தான் கடப்பார்கள், அது அங்கே பழைய மரபு என்று ஒருநாள் வந்திருந்தது. அதை மட்டும் இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார்.

ஆகஸ்ட் கடைசியில் பெரிய செய்தி வந்தது. நிறைவு அணிவகுப்பு முடிந்ததும் பெற்றோரை மைதானத்துக்குள் அழைப்பார்கள். ஒரு தோளில் அப்பா, ஒரு தோளில் அம்மா அதிகாரிப் பதவிக்கான நட்சத்திரம் குத்த வேண்டும்.

"நம்ம கையாலயா?" என்று மூன்று முறை கேட்டார்.

கீழே இன்னொரு வரி இருந்தது. ஆண்கள் ஷூ அணிந்து வர வேண்டும். செருப்புக்கு அனுமதி இல்லை.

இனாயத்துல்லா பாய் செருப்புக் கடையில் ஏழு ஜோடி போட்டுப் பார்த்தோம். எதிலும் கால் நுழையவில்லை.

"இன்னா வேதகிரி இது, காலா கலப்பையா? இதுக்குக் கம்பெனிக்காரன் ஷூ செய்யமாட்டான், ஆசாரிதான் செய்யணும்," என்றார் பாய்.

சித்தப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து செல்லாயி சித்தியிடம், "நீ உன் தம்பிய இட்டுக்கினு போ. நான் அங்க பத்தாத ஷூவுல நொண்டிக்கினு நின்னா புள்ளைக்குத்தான் அசிங்கம்," என்றார்.

"ரெண்டு தோளு கீது. ஒண்ணு பெத்த அப்பனோடது. வரலன்னு நீயே போன் பண்ணிச் சொல்லு அவகிட்ட," என்றாள் சித்தி.

அவர் போன் செய்யவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை.

நாலாம் நாள் பாய் ஒரு பெட்டியோடு வந்தார். "சுகர்காரங்க போடற அகல ஷூ. கறுப்புதான், எவனுக்கும் தெரியாது. போடு."

கால் நுழைந்தது. அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் ஏரிக்கரையில் ஷூவோடு நடந்து பழகினார். "இன்னாப்பா, மாப்பிள்ள அழைப்பா?" என்று எதிரில் வந்தவர்கள் கேட்டார்கள். திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

வீட்டுக்கு மூன்று நுழைவுச் சீட்டு வந்திருந்தது; மூன்றாவதில் நானும் போனேன். நூற்றுக்கணக்கான பூட்ஸ்கள் ஒரே சத்தமாகத் தரையில் இறங்கியபோது உட்கார்ந்திருந்த பலகை அதிர்ந்தது. இத்தனை பேருக்கு ஒரே மூச்சு எப்படி வாய்த்தது என்று நினைத்தேன். அதில் எங்கள் இளமதியும் இருந்தாள். எந்த வரிசையில் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பெற்றோரை அழைத்தார்கள். மைதானத்தின் விளிம்புவரை நானும் கூடப் போனேன். அங்கே சித்தப்பா நின்றுவிட்டார். குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தார்.

சித்தி பதறினாள். "இன்னா பேஜார் பண்ற! இத்தினி பேர் பாக்கறாங்க."

"புள்ளைங்களே நடக்காத தரைடி இது. நம்ம நெல்லு கொட்டற களத்துல எவனாச்சும் செருப்போட கால வைப்பானா?"

ஒரு ஹவில்தார் எங்களை நோக்கி வந்தார். விதியைப் படித்துச் சொன்னவள் நான். களத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சித்தப்பாவின் பாதங்களைப் பார்த்தார். பிறகு சித்தப்பா கையிலிருந்த ஷூக்களை வாங்கி, விளிம்பில் குதிகால் சேர்த்து நேராக வைத்துவிட்டு, உள்ளே போகும்படி கை காட்டினார்.

இளமதி அசையாமல் நின்றிருந்தாள். பார்வை மட்டும் ஒருமுறை கீழே போய் வந்தது. "நைனா," என்றாள்.

நட்சத்திரம் சித்தப்பாவின் விரல்களுக்குள் காணாமல் போனது. முதல்முறை நழுவியது. இரண்டாம் முறை இறங்கி நின்றது. இன்னொரு தோளில் சித்தி குத்தி முடித்தாள்.

இளமதி ஓரடி பின்னால் போய் அவருக்கு சல்யூட் அடித்தாள். பதிலுக்கு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கைகள் வேட்டியோரம் தொங்கின. அந்த அகன்ற வெறுங்கால்கள் மட்டும் மெல்ல நகர்ந்து, குதிகாலோடு குதிகால் சேர்ந்து நின்றன.