ஜன்னல்காரியின் கடிதம்

அவளுக்கு ஜன்னல்காரி என்று பட்டம் கட்டியது நான்தான். பல்கலைக்கழகத்துக்குப் பின்தெருவில், கடல் தாண்டிப் படிக்க வந்த ஐந்து பெண்கள் ஒரே குளியலறையைப் பங்குபோட்டுக்கொண்ட வாடகை வீடு எங்களுடையது. அவள் வந்த முதல் நாள், எந்த அலமாரி அவளுக்கு, எத்தனை மணிக்குக் குளிக்கலாம் என்றெல்லாம் சமையலறையில் சட்டம் பேசிக்கொண்டிருந்தேன். பதில் சொல்வதற்கு முன்னால் அவள் அடுப்பைச் சுற்றிக்கொண்டு போய், ஜன்னல் பக்கம் நின்று, முகத்தில் வெளிச்சம் விழும்படி திரும்பி, "சரிங்கக்கா" என்றாள். ஒரு சரிங்கக்காவுக்கு இவ்வளவு நடையா என்று எல்லோரும் சிரித்தோம்.

கேலி அவளை ஒன்றும் செய்யவில்லை. ஆடியாலஜி படிக்க வந்திருந்தாள், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்து, கேட்காதவர்களுக்குக் கருவி பொருத்துகிற படிப்பு. சனி, ஞாயிறில் மாணவர் கேன்டீனில் தட்டு கழுவும் இயந்திரத்தோடு வேலை. அது போடுகிற கூச்சலுக்குக் காதில் அடைப்பான் வைத்துக்கொள்வாள். கூட வேலை செய்த எனக்கும் ஒரு ஜோடி கொண்டுவந்து கையில் திணித்தாள்.

"எனக்கு எதுக்குடி இதெல்லாம்?"

"வச்சுக்கங்கக்கா. முடி மாதிரி காது மறுபடி முளைக்காது."

மூன்றாவது மாதம் அந்த மின்னஞ்சல் வந்தது. சேர்க்கைக்கு அனுப்பிய கடிதத்தை அவள் வேறொருவரிடமிருந்து காப்பியடித்ததாகச் சந்தேகமாம். விசாரணைக்கு வர வேண்டும், துணைக்கு ஒருவரை அழைத்துவரலாம், குற்றம் உறுதியானால் சேர்க்கை ரத்து. சேர்க்கை போனால் விசா போகும், விசா போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நீ யார், ஏன் இதைப் படிக்க வருகிறாய் என்று இங்கே ஒவ்வொருவரும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கடிதம்தான் விஷயம்.

"என்னக்கா இது? நானே எழுதினதுக்கா. எங்கம்மாவைப் பத்தி நான் யாரைப் பாத்து எழுதுவேன்?" என்று ஜன்னலோரம் நின்று, போனை என்னிடம் நீட்டினாள்.

முதல் வரியைப் படித்தேன். 'எங்கள் வீட்டில் யாரும் முதுகைக் காட்டிப் பேசுவதில்லை.' இரண்டாவது வரியைப் படிக்கத் தேவைப்படவில்லை, அது எனக்கு மனப்பாடம். அம்மா பஞ்சாலையில் இருபத்திரண்டு வருஷம் நின்றது, இயந்திரங்களின் இரைச்சலில் காது போனது, உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஏனென்றால் அது என் கடிதமும்தான். அதைக் கொடுத்துத்தான் போன வருஷம் நான் இங்கே சேர்ந்தேன். என் அம்மாவுக்கோ பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் விட்டது என்பது வரை கேட்கும்.

ஊரில் எங்கள் இருவரையும் வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பிவைத்தது ஒரே கன்சல்டன்சிக்காரர். கண்ணாடிக் கதவு, சுவரில் சிரிக்கிற பட்டதாரிகள். நான் எழுதிக்கொண்டு போனதைப் படித்துவிட்டு, "உன் வாழ்க்கையில ஒண்ணுமே நடக்கலையேம்மா" என்று உதட்டைப் பிதுக்கினார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கோடு போட்ட தாளை எடுத்துப் போட்டார். "இது ஒரு பொண்ணு எழுதினது. அவங்கம்மாவுக்கு ஆபரேஷன், பொண்ணு போகலை. சும்மாதான் கிடக்குது. போட்டோ எடுத்துக்கிட்டுப் போய் உன் கையால நாலு தடவை எழுதிப் பாரு. நாளைக்கு இன்டர்வியூவுல கேட்டா தடுமாறாம வரும்." பள்ளிக்கூடத்தில் மற்றவர் எழுதிய கட்டுரையை 'என் லட்சியம்' என்று நெட்டுருப் போட்டு வளர்ந்தவள்தானே நான்? ஐந்து தடவை எழுதினேன். படிப்பின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டேன். அடுத்தவள் அம்மா என்று ஒரு நிமிஷம்கூட எனக்கு உறைக்கவில்லை.

அந்த ஆபரேஷனுக்காக ஒரு வருஷம் வீட்டில் இருந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் இவள். அம்மா தேறியதும் அதே கடிதத்தோடு வந்திருக்கிறாள். அதற்குள் அந்த மனிதர் அதை ஜெராக்ஸ் கடை கணக்காக ஊரெல்லாம் விநியோகித்துவிட்டார். விசாரணை வரை ஒரு வாரம் இருந்தது. அந்த ஏழு நாளும் நான் வாய் திறக்கவில்லை. "தைரியமா இரு" என்று மட்டும் கூசாமல் சொன்னேன். துணைக்கு வருகிறேன் என்றும் சொன்னேன்.

விசாரணை அறையில் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மையார்தான் தலைவர். இவள் உள்ளே போனதும் போட்டிருந்த நாற்காலியைத் தூக்கி ஜன்னல் பக்கம் வைத்து, முகத்தில் வெளிச்சம் விழ உட்கார்ந்தாள். தலைவர் நிமிரக்கூட இல்லை, கணினித் திரையைப் பார்த்தே பேசினார். இருபத்து மூன்று மாணவர்களின் அம்மாக்களுக்குப் பஞ்சாலையில் காது போயிருக்கிறது, இதற்கு உன் விளக்கம் என்ன என்றார். அந்த இருபத்து மூன்று பேரில் ஒருவன் ஓட்டல் நிர்வாகம் படிக்கிறானாம், ஒருத்தி ஆடை வடிவமைப்பாம்.

"அது எங்கம்மா" என்றாள் இவள். வேண்டுமானால் இப்போதே அம்மாவை வீடியோவில் கூப்பிடுகிறேன் என்றாள். கூப்பிடவும் செய்தாள். திரையில் வந்த அந்த அம்மா, தன் குரல் தனக்கே கேட்காததால், அறை அதிர "சாப்பிட்டியா?" என்றார். குறிப்பெடுத்தவர் திடுக்கிட்டுப் பேனாவைக் கீழே போட்டார். இவள் போனை அவர்கள் பக்கம் திருப்பினாள். தலைவர் வாயருகே கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார்.

"அந்தம்மா ஏன் வாயை மூடிக்கிட்டுப் பேசுறாங்க? அவங்க சொல்றது எனக்குத் தெரியக் கூடாதா?" என்று போனிலிருந்து குரல் வந்தது. இவள் அதை அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னாள். தலைவர் கையை எடுத்தார். ஆனாலும், அம்மா இருப்பது கடிதத்தை யார் முதலில் எழுதினார் என்பதற்குச் சாட்சி ஆகாது என்றார். அவர்களிடம் இருப்பதில் மூத்த கடிதம் போன வருஷத்தது, சரக்குப் போக்குவரத்து நிர்வாகம் படிக்க வந்த ஒருத்தி எழுதியது. முதலில் எழுதியவள் அவள், அவளைப் பார்த்து எழுதியவர்கள் மற்றவர்கள் என்பது அவர்கள் கணக்கு.

அந்த ஒருத்தி நான். காகிதப்படி அந்த அம்மா என் அம்மா, பெற்ற மகள் திருடி! அம்மாவுக்குக் காது கேட்காமல் போனால் மகள் எதற்காக லாரியும் கப்பலும் ஏற்றிவிடப் படிக்க வேண்டும் என்று படித்த மூன்று பேரில் ஒருவருக்காவது கேட்கத் தோன்றியதா? காதைப் பற்றிப் படிக்க வந்தவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள், அவள் முகத்தை ஒருவராவது பார்த்தார்களா? அவர்களைத் திட்டிக்கொண்டே வந்த கோபம் கடைசியில் என் மேல்தான் வந்து விழுந்தது. நான் மட்டும் பார்த்தேனா? மூன்று மாதம் ஒரே சமையலறையில் அவள் ஜன்னலுக்கு நடந்ததைப் பார்த்துச் சிரித்தவள், அதற்கான காரணத்தை மனப்பாடமாக வைத்திருந்தவள்.

துணைக்கு வந்தவர் பேசக் கூடாது என்பது விதி. எழுந்தேன். "அந்த மூத்த கடிதம் என்னுது. நான்தான் இவளைப் பாத்து எழுதினேன்" என்று சொல்லி, போனில் இருந்த படத்தை எடுத்து மேசையில் வைத்தேன். கோடு போட்ட தாள், இவளுடைய சாய்ந்த கையெழுத்து, பள்ளிக்கூடப் பழக்கத்தில் மேல் மூலையில் எழுதிய தேதி. நான் விண்ணப்பம் போடுவதற்கு ஏழு மாதம் முந்தைய தேதி. அப்போதுதான் தலைவர் முதல் தடவையாக நிமிர்ந்து ஒரு முகத்தைப் பார்த்தார். அதுவும் என் முகத்தை.

அவளுக்கு ஒற்றை வரியில் மின்னஞ்சல் வந்தது. புகார் முடித்துவைக்கப்பட்டது, அவ்வளவுதான். பதறவைத்ததற்கு வருந்துகிறோம் என்று ஒரு சொல் எழுதினால் விரல் தேய்ந்துவிடுமா? எனக்கு இரண்டு பக்கம் வந்தது, ஒரு பருவம் படிப்பு நிறுத்தம். அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "பால் தீர்ந்துடுச்சு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு முதுகைக் காட்டிப் பேசினாள். அதுதான் தாங்கவில்லை.

படிப்பு நின்றால் விசாவுக்கும் சிக்கல், அதை ஊருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டினேன்.

"எனக்குக் காது கேக்காதுன்னா எழுதிக் கொடுத்த?"

"தப்புதாம்மா."

"என்கிட்ட எதுக்குச் சொல்ற? நான் கேட்டுட்டேன், எனக்குத்தான் நல்லா கேக்குதே. அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லு. மூஞ்சியக் காட்டிச் சொல்லு."

மறுநாள் காலை சமையலறையில் அவள் தன் அம்மாவைக் கூப்பிட்டபோது, நான் போய் ஜன்னல் பக்கம் நின்றேன். அவள் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். நிறுத்தி நிறுத்தி, உதடு தெரிய, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அவன் கடை எத்தனை மணிக்குத் திறப்பான்?" என்று மட்டும் கேட்டார்.

பத்து மணிக்கு. பத்தேகாலுக்கு அவர் அங்கே இருந்திருக்கிறார். ஏழெட்டுக் குடும்பங்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்க, கண்ணாடிக் கதவைத் திறந்துவைத்துவிட்டு, வாசலில் நின்று மகள் எழுதிய கடிதத்தின் கதையைத் தன் குரலில் முதல் வரியிலிருந்து சொல்லியிருக்கிறார். தெருமுனைப் பேருந்து நிறுத்தம் வரை கேட்டதாம். கன்சல்டன்சிக்காரர் ஓடி வந்து, உள்ளே வாங்கம்மா, மெதுவா பேசுங்கம்மா, பேசித் தீத்துக்கலாம்மா என்று கையெடுத்துக் கெஞ்சியிருக்கிறார்.

அந்த அம்மா அவர் முகத்தைப் பார்க்கவே இல்லையாம்.