துருவி தட்டிய குழாய்

எங்கள் சுகாதார நிலையத்தின் மாடியில் கை கழுவும் தொட்டி ஒழுகாமல் இருந்திருந்தால் துருவி எங்களுக்குக் கிடைத்திருக்கவே மாட்டார்.

துருவி என்பது அவர் பெயர் இல்லை. அவர் பிளம்பர், அறுபதை நெருங்குகிறவர். எதைப் பார்த்தாலும் துருவித் துருவிக் கேட்பார் என்று கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பட்டம் அது. அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். "இதை முதல்ல யாரு வச்சாங்க தெரியுமா?" என்று அதையும் ஒரு கேள்வியாக்கிவிடுவார்.

நான் அங்கே நர்ஸ். சனிக்கிழமை மதியம் கர்ப்பிணிகளுக்கும் கூட வருகிறவர்களுக்கும் மாடியில் வகுப்பு எடுக்கிறேன். எனக்குக் கோபம் மூக்குமேல் என்று ஊரே சொல்லும். இருந்துவிட்டுப் போகட்டும். கோபப்படாவிட்டால் அந்த மாடியில் ஒரு நாற்காலிகூட மிஞ்சியிருக்காது.

அன்றைக்கு அவர் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு படுத்திருந்தார். நான் வகுப்புச் சாமான்களை எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"சிஸ்டர், அந்தத் துணிப் பொம்மைக்கு ஏன் கண்ணு மூக்கு ஒண்ணும் இல்ல?"

"அது பிறக்கப்போற பிள்ளை. கண்ணு மூக்கெல்லாம் வெளிய வந்தப்புறம் பாத்துக்கலாம்."

"பக்கத்துல வளையம் மாதிரி ஒண்ணு இருக்கே?"

"இடுப்பெலும்பு. பிள்ளை இதுக்குள்ள திரும்பித் திரும்பித்தான் வெளிய வரும்."

"நேரா வராதா?"

"வராது. இங்க ஒரு திருப்பம், இங்க ஒரு திருப்பம்." பொம்மையை வளையத்துக்குள் விட்டுக் காட்டினேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"இதைச் சொல்லிக் கொடுக்கிற இடத்தைத்தான் சிஸ்டர் என் மருமக மாசக்கணக்காத் தேடிட்டிருக்கா."

மருமகள் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற பெண். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. மகன் கப்பலில் வெல்டர். கப்பல் கரையைத் தொட்டால்தான் போன் வரும். இந்த ஊருக்குக் குடிவந்து அதிக நாள் ஆகவில்லை, தெரிந்தவர் யாரும் கிடையாது. அவள் டாக்டரிடம் கேட்டிருக்கிறாள். டாக்டர் "எல்லாம் நார்மல்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். மருந்துக் கடையில் கேட்டதற்குக் கொழுகொழு குழந்தை படம் போட்ட காலண்டர் கொடுத்திருக்கிறார்கள். போனில் தேடினால் எங்கெங்கோ இருக்கிற ஊர்களின் வகுப்பெல்லாம் வருகிறது. ஒரே ஒரு இடம் பக்கத்தில் கிடைத்துப் போயிருக்கிறாள். நாலாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. கர்ப்பிணிகளுக்கு வகுப்பு எடுக்கிறவர்களுக்கு இந்த அறிவு வேண்டாமா?

"எங்க போர்டு கண்ணுல படலையா?" என்றேன்.

"எந்த போர்டு?"

கீழே கூட்டிக்கொண்டு போனேன். சைக்கிள் நிறுத்துகிற இடத்தின் பின்னால், ரத்ததான போஸ்டருக்கு அடியில், பாதி எழுத்து தெரிய எங்கள் போர்டு கிடந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் அதை எடுத்துத் துடைத்து, பைப் கிளாம்ப் போட்டு வாசல் கம்பியில் முடுக்கிவிட்டுப் போனார். இன்றுவரை காற்று மழை எதற்கும் அது அசையவில்லை.

அடுத்த சனிக்கிழமை மருமகளோடு வந்தார். நான் மருமகளைத் தனியாக அழைத்து, "கூட ஒரு பொம்பளையைக் கூட்டிட்டு வரக்கூடாதாம்மா?" என்று கேட்டேன்.

"அம்மா இல்ல சிஸ்டர். அத்தையும் இல்ல. எனக்கு எல்லாம் மாமாதான்."

அவரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தேன். உடற்பயிற்சி ஆரம்பித்ததும் அவராகவே நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். ஆனால் வாய் சும்மா இருக்குமா? சுவரைப் பார்த்தபடியே கேள்வி வரும். "சிஸ்டர், பிள்ளைக்கு உள்ள விக்கல் வருமா?" "தண்ணிக்குள்ளயே இருக்கே, ஊறிப்போகாதா?" எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் பதிலுக்காக என் முகத்தையே பார்ப்பார்கள். அவர்களும் கேட்க நினைத்துக் கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்ட கேள்விகள்தான் எல்லாம். பனிக்குடம் உடைவது பற்றி மட்டும் ஒரு வகுப்பு முழுக்கக் கேட்டுத் தீர்த்தார். எவ்வளவு தண்ணீர், என்ன நிறம், ஒரேயடியாக வருமா, சொட்டுச் சொட்டாக வருமா என்று என் உயிரை எடுத்துவிட்டார்.

ஒருநாள் வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு, மருமகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"பிரசவ வார்டுக்குள்ள யாரை விடுவாங்க சிஸ்டர்?"

"ஒரு பொம்பளையை. அதுவும் கூட்டம் இல்லாத நாள்ல."

"அப்ப வெளிய நிக்கிறவன் என்ன செய்யணும்?"

இத்தனை வருட வகுப்பில் இதை யாரும் கேட்டதில்லை. "பொறுமையா நிக்கணும்" என்றேன்.

"என் பையன் பிறந்தப்ப பொறுமையாத்தான் நின்னேன். உள்ள அவ என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்திருக்கா. எனக்குக் கேக்கல. வீட்டுக்குப் போய்ட்டீங்கன்னு நினைச்சேன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தா. நான் கதவுகிட்டயேதான் நின்னேன் சிஸ்டர்."

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். "வலியை எப்படியாவது தாங்கிடுவேன். உள்ள தனியாக் கிடக்கணுமேன்னுதான் பயமா இருக்கு."

வகுப்புக்கு வருகிற தையல்காரப் பெண்ணின் அக்கா இதைக் கேள்விப்பட்டு, "நான் உள்ள போறேன், கவலைப்படாத" என்று சொன்னாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

இதற்கிடையில் மாடித் தொட்டிக்குப் புதுக் குழாய் போட்டார் துருவி. அவர் கீழே வால்வுக்குப் பக்கத்தில், மருமகள் மாடியில் நாற்காலி போட்டுக் குழாய்க்குப் பக்கத்தில். டொக் என்று ஒரு சத்தம் வந்தது. உடனே அவள் வளையலைக் கழற்றிக் குழாயில் டொக் டொக் என்று தட்டினாள்.

"என்னம்மா இது?"

"ஒரு தட்டு தட்டினா 'இருக்கியா'ன்னு அர்த்தம் சிஸ்டர். ரெண்டு தட்டு 'இருக்கேன்'. தண்ணி வந்தாச்சுன்னா மூணு. லீவு நாள்ல மாமாவோட வேலைக்குப் போவேன்ல, அப்பப் பழகினது."

"வாயால சொன்னா குறைஞ்சா போய்டும்?"

கீழேயிருந்து மாமாதான் பதில் சொன்னார். "கத்தினா எதிரொலிதான் சிஸ்டர் வரும். இரும்பு பைப்ல தட்டினா கூரை வரைக்கும் போகும்."

பிறகு ஒரு காலை. இதை மருமகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சமையலறைத் தரையெல்லாம் தண்ணீர். துருவி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்கு அடியில் புகுந்துவிட்டார். "நான் போட்ட ஜாயிண்ட் ஒழுகவே ஒழுகாதே" என்று தனக்குத்தானே புலம்பல். மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இவள் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள்.

"மாமா, பைப் இல்ல மாமா."

"பின்ன எங்கேருந்தும்மா வருது?"

"என்கிட்டேருந்து."

பனிக்குடத்தைப் பற்றி ஒரு வகுப்பு முழுக்கக் கேட்டவர் தொட்டியில் தலையை இடித்துக்கொண்டு எழுந்தார்.

எனக்குப் போன் வந்தது. வேலையை முடித்துக்கொண்டு யூனிஃபார்மோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தையல்காரியின் அக்கா துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வார்டு நிரம்பி வழிகிறதாம், துணைக்கு யாரையும் விடவில்லையாம். உள்ளே அந்தப் பெண் தனியாகத்தான் கிடக்கிறாள். எது நடக்கக்கூடாது என்று பயந்தாளோ அதுவே நடந்துவிட்டது.

துருவி நடைபாதைக் கோடியில் சுவரில் நெற்றியை வைத்து நின்றுகொண்டிருந்தார். அழுகிறார் என்று நினைத்துக் கிட்டே போனேன். நெற்றி இல்லை, காது. சுவரோடு ஒரு பழைய இரும்புக் குழாய் போனது. கையில் ஸ்பேனர்.

"இது உள்ள அவ கட்டிலுக்குப் பக்கத்துத் தொட்டிக்குப் போகுது சிஸ்டர். வெளிய சுத்திப் போய்ப் பாத்துட்டேன்."

ஒரு தட்டு தட்டினார். காத்திருந்தோம். குழாயில் காதை வைத்தேன். மிக லேசாக, ரெண்டு தட்டு.

"வலி வர்றப்ப பதில் கொஞ்சம் லேட்டாகுது. ஆனா வந்துடுது."

காவலாளி வந்துவிட்டார். "பெரியவரே, அங்க என்ன பண்றீங்க?"

"பைப் செக் பண்றேன்."

"யாரு சொன்னது?"

"நான்தான் சொன்னேன். ஒழுகுது" என்றேன். என் முகத்தையும் யூனிஃபார்மையும் பார்த்துவிட்டு அவர் போய்விட்டார்.

பிறகு ஒரு தட்டுக்குப் பதில் வரவில்லை. மறுபடி தட்டினார். வரவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

"பிரசவ டேபிளுக்குக் கொண்டு போயிருப்பாங்க. அடுத்த ரூம்தான்" என்றேன்.

"அங்க இந்த பைப் போகுதா?"

"போகும். ஆனா அவளுக்குக் கை எட்டாது."

"காதுக்கு எட்டும்ல?"

"எட்டும்."

அவர் யோசித்தார். பிறகு ரெண்டு தட்டு தட்டினார். கொஞ்சம் விட்டு, மறுபடி ரெண்டு. யாரும் கேட்காமலே, இருக்கேன், இருக்கேன் என்று அந்த மனிதர் சொல்லிக்கொண்டே இருந்தார். தையல்காரியின் அக்கா எழுந்து வந்து எங்கள் பக்கத்தில் நின்றாள்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. உள்ளேயிருந்து தட்டு வந்தது. வளையல் சத்தம் இல்லை, கனமான ஏதோ ஒன்று. ஒன்று, ரெண்டு, மூணு.

கதவைத் திறந்துகொண்டு ஒரு நர்ஸ் கத்தரிக்கோலும் கையுமாக வந்தாள். "யாருங்க இங்க மாமா? பிள்ளையை மார்ல போட்டா அதைக்கூடப் பாக்காம, அந்த பைப்ல மூணு தட்டு தட்டுங்கன்னு உயிரை வாங்குறா உங்க மருமக."

துருவி எதுவுமே கேட்கவில்லை. ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை. ஸ்பேனரைப் பையில் போட்டுவிட்டு, குழாயின்மேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றார்.

நான்தான் கேட்டேன். பெண் குழந்தை.