டெரிக் அண்ணன் பூட்டாத கதவு

வெள்ளிக்கிழமை காலை, பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறும்போது கைபேசியில் செய்தி வந்தது. டெரிக் அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டாராம். பாலத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனிதரின் சாவுச் செய்தி பாலத்தில் வைத்தா வர வேண்டும் என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அழுகை பிறகுதான்.

புளியந்தீவில் ஞாயிறு பூசை முடிந்ததும் ஊரைச் சுற்றிக் காட்ட அவர் நடத்திய இலவச நடையில் வந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: போர்த்துக்கீச வழிவந்த பறங்கியர், தச்சர், சரியான வாயாடி. யுத்தம் முடிந்து வெளியூர்ச் சனம் வரத் தொடங்கியதும் கோட்டை வாசலில் போய் நின்றவர். "எங்கட ஆக்கள் உங்களுக்கு விட்டுட்டுப் போனது ஜன்னல், அலுமாரி எண்ட சொல்லுகள்தான். கோட்டைய விடுங்க, அது சும்மா கல்லு" என்று தொடங்குவார். யாராவது காசு நீட்டினால், "போற வழியில பாண் வாங்கித் தின்னுங்க" என்பார். ஒருநாள் நடக்க வந்த நான், பிறகு ஒவ்வொரு வாரமும் பின்தங்குபவர்களைச் சேர்த்துக்கொண்டு கடைசியில் நடப்பவளானேன்.

நடை அவர் வீட்டு வாசலில் முடியும். கதவு பூட்டியிருக்காது. "மனுசி தங்கச்சி வீட்ட போயிருக்கா, வந்திருவா" என்பார். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அவர் மனைவி சில்வியா அக்கா பாலத்துக்கு அந்தப் பக்கம், கடற்கரையோரமாயிருந்த தங்கை வீட்டுக்குக் கிறிஸ்மஸ் கேக் கொண்டு போனவர். கடல் ஊருக்குள் வந்த காலை அது. உடல் கிடைக்கவில்லை. அவருக்காகப் பூசை வைக்க டெரிக் அண்ணன் கடைசிவரை விடவில்லை. பாலத்தையும் தாண்டவில்லை.

ஒரு ஞாயிறு, வன்னியிலிருந்து வந்த பெண்ணொருத்தி தலையாட்டவில்லை. "எப்ப போனவா, அண்ணை?" என்று கேட்டாள்.

டெரிக் அண்ணன் அவள் பக்கம் திரும்பினார். "சுனாமி அண்டைக்கு" என்றார் மெதுவாக.

"என்ர அவரும் அப்பிடித்தான். கடைசிச் சண்டையில, தண்ணி எடுத்துக்கொண்டு வாறன் எண்டிட்டுப் போனவர். நானும் கதவு பூட்டிறேல்ல."

அவர் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். "அவர்ர பேரென்ன, மகள்?" என்று கேட்டார்.

"சிவநேசன்."

அடுத்த வாரத்திலிருந்து அந்த வாசலில் இரண்டு பேர் வர இருப்பதாகச் சொல்லத் தொடங்கினார். இரண்டு பெயர்களையும் சொல்வார்.

சனிக்கிழமை அடக்கம் முடிந்தது. மறுநாள், விஷயம் தெரியாத சிலர் கோட்டை வாசலில் காத்து நின்றார்கள். திருப்பி அனுப்ப மனம் வராமல் நானே கூட்டிப் போனேன். அவர் வீட்டுக் கதவில் ஆமைப்பூட்டு தொங்கியது. பக்கத்து வீட்டிலிருந்த அவருடைய மருமகனிடம் கழற்றச் சொன்னேன்.

"கள்ளன் வருவான், அக்கா."

"வரட்டும். கழட்டு."

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினான். ஞாயிறு நடையும் பூட்டாத இந்தக் கதவும்தான் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டவை. சில்வியா, சிவநேசன் என்று இரண்டு பெயர்களையும் வாசலில் நின்று சொன்னேன். வீட்டுக்காரர் எங்கே என்று ஒருவர் கேட்டார்.

"பாலம் தாண்டிப் போயிருக்கார்" என்றேன். வந்துவிடுவார் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.